உப்புக் காவல்

நான் நன்றாகச் சமைப்பேன். உப்பில்லாமல் சமைப்பதைச் சொல்கிறேன். உப்புப் போட்டுச் சமைக்க யாருக்கும் வரும். அது பாதித் தப்பை மூடிவிடும். உப்பே இல்லாமல் ஒரு காயை வாயில் வைக்கும்படி வதக்கி இறக்கத் தனிப் பொறுமை வேண்டும். வெங்காயத்தைத் தீயைக் குறைத்து, அவசரப்படாமல் வதக்கினால் நாக்கு கொஞ்சம் ஏமாந்துவிடும். பூசணி குழைய வெந்தால் தானாகவே இனிக்கும். என் தங்கை கடைசியாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அதைத்தான். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது, மேடம். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் கிடையாது.

எங்கள் வீட்டின் முன்னறைதான் வைத்தியசாலை. வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ‘நாள்பட்ட தோல் நோய்களுக்கு’ என்று அப்பா தன் கையாலேயே எழுதியது. அவர் போன பிறகு நான் நடத்துகிறேன். சொறி, படை, கரப்பான் என்று வருகிறவர்களுக்கு மேலே பூசக் கந்தக எண்ணெய் கொடுப்போம். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். அதற்கும் அடங்காத தோலுக்கு உள்ளே சாப்பிட ஒரு செந்தூரம் இருக்கிறது. பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்துக் குழிக்கல்லில் அரைக்க வேண்டும். பாதரசம் ஓடி ஓடி ஒளியும். விடாமல் அரைத்தால் களைத்துப்போய்க் கறுத்து அடங்கும். பிறகு அடுப்பேற்றிச் சிவக்க வைப்பது. என் தோள்களைப் பாருங்கள், வலது தோள் இறங்கியிருக்கும். அது அந்தக் கல் கொடுத்தது.

செந்தூரம் உடம்பில் இருக்கும்வரை உப்பு ஆகாது. புளி, மீன் எல்லாம் ஆகாதுதான், ஆனால் உப்புதான் முதல் எதிரி. தன் வாயைத் தானே கட்ட யாராலும் முடியாது என்று அப்பாவுக்குத் தெரியும். அதனால் மருந்தைக் கையில் கொடுக்கும் முன்பு, கூட வந்தவர்களில் ஒருவரைக் காவலாக நிறுத்துவார். கணவனுக்கு மனைவி, மாமனாருக்கு மருமகள், இப்படி. “நோய் உங்களது, மருந்து என்னுது, உப்பு இவங்க பொறுப்பு” என்பார். குணமானால் எல்லோரும் அப்பாவைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். குணமாகாவிட்டால் அப்பா நோயாளியை ஒரு வார்த்தை சொல்லமாட்டார். காவலுக்கு இருந்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, “எப்போ விட்டீங்க?” என்று மட்டும் கேட்பார். கேட்ட மாத்திரத்தில் அவர்களுக்கு ஏதாவது ஒன்று நினைவுக்கு வந்துவிடும். ஒரு விருந்து, ஒரு பயணம், ஒருநாள் அசதி. யாருக்குத்தான் நினைவுக்கு வராது. தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள். எங்கள் மருந்து தோற்று நான் பார்த்ததே இல்லை.

அம்மாவும் அந்த மருந்தைச் சாப்பிட்டாள். காலில் ஆறாத கரப்பான். அப்போது காவல் நான். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயது, ஆனாலும் பொறுப்பான பிள்ளை என்று பெயர் வாங்கியவள். அம்மாவுக்குக் கரப்பான் காய்ந்தது, பிறகு முகம் ஊதியது, கால் ஊதியது, ஒருநாள் மூச்சு நின்றுவிட்டது. தங்கை தவழ்ந்துகொண்டிருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, “எப்போ விட்டே?” என்று கேட்டார். நான் யோசித்தேன். ஒரு மத்தியானம் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டது நினைவுக்கு வந்தது. சொன்னேன். அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. தலையைத் தடவிவிட்டு, “இனிமே தூங்காதே” என்றார். அதற்கப்புறம் நான் பகலில் தூங்கியது கிடையாது.

தங்கையை நான்தான் வளர்த்தேன். குட்டி என்று கூப்பிடுவோம். ஆள் என்னைவிட உயரமாக வளர்ந்த பிறகும் குட்டிதான். அவளுக்குத் தலைவாரி, சாப்பாடு ஊட்டி, பரீட்சைக்குக் கூடவே விழித்திருந்து, எல்லாம் நான். எனக்கென்று ஒரு வாழ்க்கை அமையவில்லையே என்று அக்கம்பக்கத்தில் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு அப்படி ஒரு குறையே தோன்றியதில்லை. குட்டி இருந்தாளே.

படிப்பு முடிகிற வயதில் அவளுக்கு முழங்கையில் முதல் செதில் வந்தது. பிறகு முழங்கால், தலை, புறங்கை. வெள்ளையாக உதிரும். ஆஸ்பத்திரியில் சொரியாசிஸ் என்றார்கள். முழுசாகப் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம், ஒட்டாது, பயப்பட வேண்டாம் என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார்கள். அவள் அதைப் பூசிக்கொண்டு தன் பாட்டுக்கு இருந்தாள். சின்னக் குழந்தைகள் பள்ளியில் டீச்சர் வேலை. ஒரு குழந்தை அவள் கையைத் தடவிப் பார்த்து, டீச்சர் ஏன் மீன் மாதிரி இருக்கீங்க என்று கேட்டதாம். ராத்திரி நான் கடலில்தான் தூங்குகிறேன், யாரிடமும் சொல்லிவிடாதே என்று இவள் காதில் சொன்னாளாம். மறுநாள் வகுப்பே இவள் கையைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றதாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை.

ஏன் என்று உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். வாசலில் அந்தப் பலகை. உள்ளே அந்தக் கை. ஒருதடவை வைத்தியத்துக்கு வந்த ஒரு அம்மாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த குட்டியின் புறங்கையைப் பார்த்தார். டம்ளரை வாங்கினார், குடிக்கவில்லை. எழுந்து போகும்போது, “முதல்ல வீட்டுல இருக்கிறவங்களைப் பாரும்மா” என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. குட்டி கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். மூக்குக்கண்ணாடி விற்கிறவர். குட்டி பள்ளிக் குழந்தை ஒன்றுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கப் போன இடத்தில் பழக்கம். நல்ல மனிதர்தான். கண்ணாடிக்கடை வைத்திருக்கிறவருக்குக் கண் சரியில்லை போல என்று நான் அவரைக் கேலி செய்வேன். என் தங்கையைப் போய்க் கேட்டிருக்கிறாரே என்று. அவர் சிரித்துவிட்டு, எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது அக்கா என்பார். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பார். செதில் அவர் சட்டையில் உதிரும். தட்டிவிடக்கூட மாட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் வேறு ஊருக்குப் போவதாக ஏற்பாடு. அதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

நான் கேட்டது சின்ன விஷயம். கல்யாணத்துக்கு முன்னால் ஒருதடவை செந்தூரம் சாப்பிடு என்றேன். அவளுக்கு விருப்பமில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, துணி மடித்துக்கொண்டே பேசினோம்.

“போதும்க்கா. எனக்கு இது பழகிடுச்சு. அவருக்கும் பழகிடுச்சு.”

“எனக்குப் பழகலையே குட்டி.”

அவள் கையில் இருந்த துணியை மடித்து முடித்து வைத்தாள். பிறகு, “சரி, உனக்காகச் சாப்பிடறேன்” என்றாள். எனக்காக என்றுதான் சொன்னாள். அதை மாற்றிச் சொல்ல எனக்கு மனசில்லை.

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. முழங்கையில் செதில் நின்றது. புறங்கையில் புதுத் தோல், இளஞ்சிவப்பாக, குழந்தையின் தோல் போலவே. கையில்லாத சட்டை ஒன்றை அவள் எங்கிருந்தோ எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். நான் பின்னால் நின்று பார்த்தேன். என் வாழ்நாளில் அதைவிடச் சந்தோஷமான நாள் இல்லை. அப்பா இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா இருந்திருந்தால் என்றும்.

பிறகு ஒருநாள் காலையில் அவளுக்குக் கண் இமை வீங்கியிருந்தது.

உங்களுக்கு வைத்தியம் தெரியாது, அதனால் விளக்குகிறேன். உப்பு நீரைப் பிடித்து வைக்கும். உப்பு உள்ளே போனால் உடம்பில் நீர் தங்கும். நீர் தங்கினால் முதலில் இமை தடிக்கும், பிறகு முகம், பிறகு கணுக்கால். இதை எந்த ஆஸ்பத்திரியிலும் கேட்டுப் பாருங்கள், ஒப்புக்கொள்வார்கள். ஆகவே குட்டி உப்புச் சாப்பிட்டிருக்கிறாள். நான் கேட்டேன். இல்லை என்றாள். வாயில் துருப்பிடித்த இரும்பைச் சப்பினது போல் ஒரு ருசி இருக்கிறது, எதையும் சாப்பிடவே பிடிக்கவில்லை என்றாள். ஈறில் ரத்தம் வந்தது, எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. நாக்கு உப்புக்கு ஏங்கினால் எச்சில் ஊறத்தானே செய்யும்.

வீட்டிலிருந்த உப்பை எல்லாம் எடுத்துத் தண்ணீரில் கரைத்துச் சாக்கடையில் ஊற்றினேன். நானும் உப்பை விட்டேன். அவளை மட்டும் வாயைக் கட்டச் சொல்லிவிட்டு நான் ருசி பார்ப்பது நியாயமில்லை. இன்றுவரை நான் உப்புச் சேர்க்கவில்லை; நீங்கள் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தை அதனால்தான் தொடவில்லை, கோபமொன்றும் இல்லை.

வீக்கம் குறையவில்லை. அப்படியானால் வெளியிலிருந்துதான் வருகிறது என்று கண்ணும் கருத்துமாகப் பார்த்தேன். கண்ணாடிக்கடைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு, அவள் மிகவும் சோர்ந்திருந்ததால் ஒருநாள் ஒரு பிஸ்கட் கொடுத்ததாகச் சொன்னார். நான் குட்டியிடம் வந்து சொன்னபோது அவள் முகம் செத்துவிட்டது. “ஒரே ஒரு பிஸ்கட்க்கா. அதுவும் பாதிதான் தின்னேன்” என்றாள். பாதி பிஸ்கட்டை மறைத்தவள் வேறு எதைத்தான் மறைக்கமாட்டாள். அதன் பிறகு அவள் சொன்ன எதையும் என்னால் நம்ப முடியவில்லை. அது என் குணக்கேடு என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

பள்ளிக்கு நானே போய், இனி அவள் வரமாட்டாள் என்று சொன்னேன். குழந்தைகள் ஒரு மீன் படம் வரைந்து கொடுத்தார்கள். அதை அவளிடம் கொடுக்கவில்லை. ஏக்கம் உடம்புக்கு ஆகாது. கண்ணாடிக்கடைக்காரர் வந்தபோது, அவளுக்கு மனசு மாறிவிட்டது, உங்களைப் பார்க்க விருப்பமில்லை, ஊரில் இல்லை என்றேன். அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே பார்த்து அவள் பெயரை ஒருதடவை கூப்பிட்டார். அவள் பின்னறையில் இருந்தாள். கதவைச் சாத்தியிருந்தேன், ஆனால் கேட்டிருக்கும்.

அந்த அறைக்கு வெளியில் தாழ்ப்பாள் போட்டது அன்றுதான். பூட்டு பிறகு வாங்கியது. அடைத்து வைத்தேன் என்று நீங்கள் வழக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அடைக்கவில்லை, காவலுக்கு இருந்தேன். கதவோரமாகவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் இருமினால் எழுந்துவிடுவேன். துணி துவைத்துக் கொடுத்தேன், தலையைப் பின்னிவிட்டேன், நானே ஊட்டினேன். மருந்தின் அளவைக் கூட்டியதும் நான்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே போன உப்பை வெளியே தள்ள வேண்டுமே.

அறையைச் சோதித்தேன். மெத்தையைப் பிரித்துப் பார்த்தேன், சுவரில் வெடித்த இடங்களில் விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். சட்டைத் தையலைப் பிரித்தேன். ஒரு கல் உப்புக் கிடைக்கவில்லை. அவள் கட்டிலில் சாய்ந்தபடி நான் தேடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. முகம் அவள் முகமாகவே இல்லை. ஒருதடவை மட்டும், “நான் உதவட்டுமாக்கா?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

சிறுநீர் நின்ற பிறகு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்றாள். என் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அது எனக்குத் தாங்கவில்லை. அவள் நடக்கப் பழகியபோது பிடித்த கால் அது. ஆனால் ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக என்ன செய்வார்கள்? உப்புநீரைப் பாட்டிலில் தொங்கவிட்டு நேராக ரத்தத்திலேயே ஏற்றுவார்கள். வாய் வழியாக வருவதையே தடுக்க முடியாமல் நான் தவித்துக்கொண்டிருக்கிறேன். நான் எப்படிக் கூட்டிப்போவேன்? நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் கூட்டிப் போயிருப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்கு அம்மா இருப்பார்கள்.

உங்கள் டாக்டர் சொன்னதை நான் கவனமாகக் கேட்டேன். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, பாதரசம்தான் காரணம், உப்பு இல்லவே இல்லை என்றார். மரியாதையாகத்தான் பேசினார். நான் அவரோடு சண்டை போடப் போவதில்லை. ஆனால் அவர் சொல்வது உண்மையென்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. அம்மாவும் உப்புச் சாப்பிடவில்லை என்று ஆகும். அந்த மத்தியானம் நான் தூங்கியதில் ஒரு தப்பும் இல்லை என்று ஆகும். அம்மாவை நான் கொல்லவில்லை என்று ஆகும். கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது, பாருங்கள். இந்த வயதில்தான் ஒருவர் வந்து அதைச் சொல்கிறார். ஆனால் அம்மா விஷயத்தில் என்னை அப்படி விடுவித்துக்கொண்டால் குட்டியை நான் என்ன செய்ததாக ஆகும்? எனக்கு வசதியான ஒன்றை நம்ப நான் பழகவில்லை, மேடம்.

கடைசி நாளைச் சொல்லிவிடுகிறேன். மத்தியானம். வெயில் ஜன்னல் வழியாக அவள் கால்மேல் விழுந்திருந்தது. நான் பூசணியைக் குழைய வேகவைத்துக் கொண்டுபோனேன். ஒரு வாய் வாங்கினாள், விழுங்க முடியவில்லை, நான் துடைத்துவிட்டேன். புறங்கையைத் தூக்கிக் காட்டினாள். விரல் எல்லாம் உப்பி, தோல் மினுமினுவென்று இருந்தது. ஒரு செதில் இல்லை.

“சரியாயிடுச்சு பாருக்கா” என்றாள். “இப்போ உனக்குச் சந்தோஷமா?”

சந்தோஷம்தான் என்றேன். மூச்சுக்கு மிகவும் கஷ்டப்பட்டாள். பிறகு என் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள், சின்ன வயதில் தூங்கப் போகும்போது செய்வது போல.

“நான் சாப்பிடலைக்கா. அந்தப் பாதி பிஸ்கட்டைத் தவிர ஒண்ணுமே சாப்பிடலை. நீ நம்பினாப் போதும்.”

“நம்பறேன் குட்டி” என்றேன்.

எனக்கு அந்த வார்த்தை வாயில் வந்தபோது நிஜமாகவே நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன். அவ்வளவு நாளாக என் மேல் இருந்த ஏதோ ஒன்று இறங்கினது போல் இருந்தது. அவளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. விரல் மட்டும் முந்தானையை விடவில்லை. பிறகு அதுவும் விட்டது. வெயில் கட்டிலைவிட்டு இறங்கிச் சுவருக்குப் போகும்வரை அப்படியே வைத்திருந்தேன். கண்ணாடிக்கடைக்காரர் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டியபோதும் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் நேராக அவளிடம் போனார். அவள் கையை எடுத்துத் தன் சட்டைமேல் வைத்துக்கொண்டார்.

நீங்கள் வருவதற்கு முன்னால், அவள் விரல் விட்டதுமே, நான் அவளுக்கு முத்தம் கொடுத்தேன். தலையணை நனைந்திருந்தது, கன்னமும் நனைந்திருந்தது, காதுவரை கோடு கோடாக. நான் ஊட்டிக்கொண்டிருந்தபோதே அழுதுகொண்டுதான் இருந்திருக்கிறாள், சத்தமில்லாமல். அந்த ஈரக் கன்னத்தில்தான் உதட்டை வைத்தேன்.

உப்புக் கரித்தது.

நன்றாகவே கரித்தது. ஆக, கடைசிவரை அவள் எங்கிருந்தோ எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எழுதிக்கொள்ளுங்கள், மேடம், குற்றம் என்னுடையதுதான், நான் மறுக்கவில்லை. காவலில் இருந்தவள் நான். எப்போது விட்டேன் என்றுதான் நினைவுக்கு வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன்.